மார்கழியில் பாலைப்பழம்

1994 இல் கிளிநொச்சியில் ஆண்டு 10 படித்தேன். ஆவணி விடுமுறைக்கு முன் எங்கள் தமிழ் சேர் ஒரு போட்டி வைத்தார். 80 பக்கக் கொப்பி ஒன்றை ஒரே கதையால் ஒரு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். பொருளாதாரத் தடைக்காலம், கொப்பிக்கும் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. பழைய சோதனைத்தாள்களின் பின்பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, ஜாம் போத்தல் விளக்கில் எழுதி முடித்தேன்.

சேர் அதை ஒரு கிழமை வைத்திருந்தார். திருப்பித் தரும்போது முதுகில் தட்டினார். ஒரேயோர் இடத்தில் சிவப்பு வட்டம். "மார்கழியில பாலைப்பழம் எந்தக் காட்டிலயடா விழுறது?"

அண்ணனும் தங்கையும் மார்கழி மழையில் பாலைப்பழம் பொறுக்குவதாக எழுதியிருந்தேன். ஆடி வெயிலில் உதடு ஒட்ட ஒட்ட நாங்கள் தின்ற பழம் அது. தெரியாமல் எழுதவில்லை. பக்கம் நிரப்பும் அவசரம்.

சேரும் எழுதுகிறவர். ஒரு நாவலின் நாலாம் அத்தியாயத்தை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. எங்கள் எழுத்தாளர்களில் எழுத்தால் வயிறு வளர்த்தவர்கள் எத்தனை பேர்? படிப்பித்தும் கந்தோரில் இருந்தும் உழைத்த காசில்தான் புத்தகம் போட்டார்கள்.

அதனால்தான் போன ஒன்றுகூடலில் நண்பன் ஒருவன் கொதித்தபோது எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. "முப்பது நாளில நாவலாம்! அப்ப பத்து வருசம் இருந்து எழுதினவன் மடையனோ?" என்றான். அவன் சொன்னது நவம்பர் மாத நாவல் சவாலை. 1999 இல் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேருடன் தொடங்கியது. 50,000 சொற்கள், நாளுக்கு ஏறத்தாழ 1,667. அதை நடத்திய அமைப்பு 2025 இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். எரின் மோர்கென்ஸ்டெர்னின் 'த நைட் சேர்க்கஸ்' நாவல் அந்தச் சவாலில் முளைத்து, பலமுறை மாற்றி எழுதப்பட்டு, 2011 இல்தான் வெளிவந்தது.

நான் 2021 இல் எழுதினேன், வேலை முடிந்து வந்து இரவு இரவாக. 50,000 தாண்டிய அன்று கண் கலங்கியது. தை மாதம் எடுத்து வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் மார்கழிப் பாலைப்பழம். சேர் ஏன் நாலாம் அத்தியாயத்திலேயே நின்றார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எழுதிப் பாராதிருந்தால் எனக்கு அது விளங்கியிராது. முப்பதாம் நாளே அதை நாவல் என்று அச்சுக்குக் கொடுப்பவர்மேல் நண்பன் கோபப்படட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். எழுதிப் பார்க்கிறவனை விட்டுவிட வேண்டும்.

இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். போன கிழமை, குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிற அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். "அக்கா, குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் வீட்டுக்குச் சத்தம் கேக்குமோ?"

"இரவெண்டால் கேக்கும். பகலில மாடு கண்டுகளின்ர சத்தத்துக்க ஒண்டும் கேக்காது. ஏன்ரா?"

அந்த அத்தியாயத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.