டோர்ச் லைட்டோடு போங்க

பாவித்த கமரா வாங்கப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை சொட் அடிச்சிருக்கு?" என்றுதான். கேட்க வேண்டியதுதான், ஆனால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை மட்டும் கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தால் என் கதைதான் உங்களுக்கும்.

நான் வாங்கியது நிக்கோன் டி7100, கூடவே 50 எம்எம் 1.8டி லென்ஸ். அந்த மொடலின் ஷட்டர் (ஒவ்வொரு சொட்டுக்கும் திறந்து மூடும் திரை) 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது, இதில் இருபதாயிரம் சொச்சம்தான் ஓடியிருந்தது, பெட்டி மட்டையோடு புதுசு மாதிரியே இருந்தது. அன்றைக்குப் பின்னேரமே கல்லடிப் பாலத்தில் வெயிலுக்கு எதிரே மருமகளை நிற்கவைத்து எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறிக் கிடக்கிறது. துடைத்துப் பார்த்தேன், செட்டிங் மாற்றிப் பார்த்தேன், கடைசியில் வீட்டில் லென்ஸைக் கழற்றி டோர்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: உள்கண்ணாடியின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, சிலந்தி நூல்போலக் கிளைவிட்ட பூஞ்சணம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மார்கழி மழைக்கு அலுமாரியில் மடித்து வைத்த சட்டையே பூத்துப்போகிற ஊர் இது. பையில் போட்டு மூடிவைத்த லென்ஸ் மட்டும் தப்புமா? அதனால் இப்போதெல்லாம் "அதிகம் பாவிக்கல, அப்படியே வச்சிருந்தன்" என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. கலியாண வீடுகளில் ஓடித் திரிந்த லென்ஸில் கீறல் இருக்கும், பூஞ்சணம் குறைவு.

பார்ப்பது லேசு. லென்ஸைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் போகிற துளையை முழுதாகத் திறந்து (1.8டி போன்ற பழையவற்றில் வளையத்தை 1.8க்குத் திருப்பினால் போதும்) பின்பக்கத்திலிருந்து சரிவாக டோர்ச் அடியுங்கள். நாலைந்து தூசிக்குப் பயப்படத் தேவையில்லை. நூல்போல எதுவும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் துப்புரவாக்கினாலும் தழும்பு போகாது.

அப்புறம் ஆணித் தலைகள், பற்றரி தொடும் செப்புத் தகடுகள். துருவோ பச்சையோ இருந்தால் உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது, பாசிக்குடாக் கடற்கரையில் வேலை பார்த்த கமராவாகவும் இருக்கலாம். படத்தைப் பதிகிற சென்சரைப் பார்க்க, துளையை எஃப்22 என்று மிகச் சிறிதாக வைத்து வெள்ளைச் சுவரை ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அழுக்கு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். சொட் கணக்கு நிக்கோனில் படக் கோப்போடேயே பதிவாகும், கெனனில் பெரும்பாலும் அப்படி இல்லை. எடுத்த படங்களை வீட்டில் பார்க்க உங்கள் மெமரி கார்ட்டையே கொண்டுபோங்கள். இன்னொன்று, டி5300 வாங்கிவிட்டு என்னுடையது மாதிரி 'டி' லென்ஸ் போட்டால் ஓட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யாது, லென்ஸிலும் மோட்டார் இல்லை, அந்தக் கமராவுக்குள்ளும் இல்லை.

போன மாதம் மச்சானுக்கு ஒன்று பார்க்கக் கல்முனைக்குப் போனோம். நான் டோர்ச்சை எடுத்ததும் விற்க வந்தவர் சிரித்துவிட்டார்: "தம்பி, ஒப்பரேசன் செய்யப் போறீங்களா?" லென்ஸ் சுத்தமாக இருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். என்னுடையது இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது, விற்க மனம் வரவில்லை.