வியட்நாமில் 45 நாள், கையில் 90,000

டியூஷன் எடுத்துச் சேர்த்தது 90,000 ரூபாய். எம்.எஸ்சி. முதலாண்டு லீவில் 45 நாள் வியட்நாம். விமான டிக்கெட், ஒருமுறை நுழைவதற்கான இ-விசா (25 டாலர்), இன்சூரன்ஸ் எல்லாம் போக, அவசரத்துக்கென்று 5,000 ஒதுக்கியதும் மிஞ்சியது 58,000. அதை 45-ஆல் வகுத்து, ஒரு நாளைக்கு 1,290 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கேதான் தப்புக் கணக்கு.

எல்லா நாளும் ஒரே செலவா ஆகிறது? ஹனோயில் டார்ம் கட்டில், தெருவோர பான் மீ (வியட்நாம் சாண்ட்விச்) என்று 900-க்குள் முடிந்தது. ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக்கில் சுற்றிய நாள்கள் ஒரு வாரக் காசைத் தின்றன. அப்புறம்தான் ஊர் மாறும் செலவுக்குத் தனிக் கணக்கு போட்டேன். ஹனோயிலிருந்து ஹுவேக்கு ராத்திரி ஸ்லீப்பர் பஸ் பிடித்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். தூக்கம் வராது, அது வேறு விஷயம்.

ஹோய் ஆனில் ஓர் இளநீருக்கு 20,000 டாங் கொடுத்தேன். கொடுத்ததாக நினைத்தேன். 20,000, 500,000 இரண்டும் நீல நிற பிளாஸ்டிக் நோட்டு, இரண்டிலும் ஹோ சி மின் முகம். கொடுத்தது 500,000 என்று இரவு கணக்கு எழுதும்போதுதான் தெரிந்தது. நம் காசில் 1,600-க்கு மேல்! மறுநாள் முதல் பெரிய நோட்டெல்லாம் அம்மா கொடுத்துவிட்ட நகைக்கடைச் சுருக்குப்பையில்.

இளநீர் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.