கதை நின்றுபோனால் கட்டியக்காரனைக் கூப்பிடுங்கள்

எழுத்து ஓடாதபோது ஊர் சுற்றச் சொல்வார்கள், பாட்டுக் கேட்கச் சொல்வார்கள், நல்ல புத்தகமாக எடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு உதவியது எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பங்குனி, சித்திரை வந்தால் ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துவிடுவார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து, விடிய விடிய. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், கடைசியில் படுகளம், தீமிதி. எங்கள் அம்மா ஊரில் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கர்ணன் சாவான் என்று தெரியாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்று அவன் போருக்குக் கிளம்புகிற இடத்தில் வருஷா வருஷம் அழுகிறார்கள். 'இதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்களே, நான் புதிதாக என்ன எழுதுவது?' என்று பேனாவை மூடிவைக்கிற எல்லோரையும் ஒரு ராத்திரி அங்கே கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும்.

போன வருஷம் நான் எழுதிக்கொண்டிருந்த கதையில் செல்வி என்று ஒருத்தி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறாள். வாசல்படி வரை கொண்டுவந்துவிட்டேன், அதற்கு மேல் அவள் உள்ளே வரவே மாட்டேன் என்றாள். பொங்கலுக்கு முன்னால் நின்ற கதை, சித்திரை வரை அப்படியே கிடந்தது. அவள் மனம் எப்படித் துடித்தது என்று எழுதி எழுதி அடித்தேன். ஒரு வரிகூட உண்மையாக இல்லை.

அந்தச் சித்திரையில்தான், கூத்தை நடத்திக்கொண்டே வேடிக்கையும் பேசுகிற கட்டியக்காரனைக் கவனித்துப் பார்த்தேன். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி, அரிதாரம் பூசி, கண்ணாடிச் சில்லு மின்னுகிற கிரீடத்தோடு ராஜா திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார். திரை விலகியதும் கட்டியக்காரன் விடமாட்டான். நீ யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தாய் என்று கேட்பான். ராஜா தன் வாயாலேயே பதில் சொல்லவேண்டும். அதோடு விடுவானா? சாப்பிட்டாயா, பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று வீட்டுக் கேள்விகளுக்கு இறங்கிவிடுவான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் வேஷம் மனுஷனாகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் செல்வியைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். கேள்வி சிவப்பு மையில், பதில் நீலத்தில், அவள் பேசுகிற மாதிரியே.

'ஏன் துக்கமாக இருக்கிறாய்?' என்று கேட்டால் பதில் வரவில்லை. 'பையில் என்ன?' என்று கேட்டதும் வந்தது. டிபன் டப்பா, பஸ்ஸில் வாங்கிய வேர்க்கடலை. 'குழந்தைக்கு ஊட்டிவிடுவாயா?' 'ஸ்பூன்லதான். கையில ஷூ ஒட்டுற சொல்யூஷன் நாத்தம் போவாது. எலுமிச்சந்தோலு போட்டுத் தேச்சாலும் போவாது.'

எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதை எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. வேலையை விட்டவள் வீட்டுக்குள் வந்து முதல்முறையாகக் கையால் பிசைந்து ஊட்டவேண்டும். பிள்ளை பழக்கதோஷத்தில் ஸ்பூனைக் கேட்டு அடம்பிடிக்கவேண்டும்.

அதற்கப்புறம் கதை நிற்கும்போதெல்லாம் இதைத்தான் செய்கிறேன். கேள்வி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. முடிந்தால் கேட்பதற்கு வேறு ஆள் இருக்கட்டும். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, கதை எதுவும் படித்ததில்லை, ஆனால் அவரைப் போலக் கேட்க ஆளில்லை. 'அந்தப் பொண்ணு சோறு என்னா கட்டிகினு போவா? மாமியாக்காரி இருக்குறாளா?' என்பார். அவரிடம் எழுதியதை வாசித்துக் காட்டுவதில்லை. வாசித்தால் நல்லாருக்குது என்று சொல்லிவிடுவார், கேள்வி நின்றுவிடும்.

கூத்திலிருந்து எழுத்துக்காரர்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ந. முத்துசாமி சிறுகதை எழுத்தாளர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து அவரை அவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொண்டது. அவர் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் அதன் தடம் இருந்தது. அந்தப் புரிசையும் பழைய வட ஆற்காட்டு ஊர்தான். நம் வாசலில் இருக்கிற இந்தக் கலையை, எழுதுகிற பிள்ளைகள் ஒரு முறையாவது விடியும்வரை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

செல்வி கதை முடிந்துவிட்டது. இப்போது அவள் புருஷனுக்குத் தனியாக ஒரு கதை எழுதப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி அவனிடம் 'செருப்பை எங்கே கழற்றிவிடுவாய்?' என்று கேட்டிருக்கிறேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு ஆயாவைக் கேட்கச் சொல்லவேண்டும்.