மட்டை பனியிலேயே இருக்கட்டும்

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டம் என்றால் இடித்துத் தள்ளுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு 20 சீசன் ஆடிய ஸ்வீடன்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள். எதிராளி பாய்ந்து வருவார். இவர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, ஒரு கையில் பிடித்த மட்டையைப் பனியை விட்டு எழும்பாமல் வைத்திருப்பார். பாஸ் போகவேண்டிய வழியில் அது முன்பே போய்க் கிடக்கும்! முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கும். பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு, எட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டென்று நீட்டி ஒரு தட்டு, அவ்வளவுதான். முதலிலேயே கையை முழுக்க நீட்டிவிட்டால் எவ்வளவு எட்டும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும், சுற்றிக்கொண்டு போய்விடுவார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை லிட்ஸ்ட்ரோமுக்கு 7 முறை கிடைத்ததில் எனக்குத் துளியும் ஆச்சரியமில்லை. மட்டையை இடுப்புயரம் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. கீழே இறக்குங்கள், கண்ணுகளா!