கப்பல் பட்டறையில் 'ஓகே' போதாது

சிங்கப்பூரின் துவாஸ் பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் காலை வேலை டூல்பாக்ஸ் மீட்டிங்கோடு, அதாவது அன்றைய வேலையையும் பாதுகாப்பையும் பேசும் சிறு கூட்டத்தோடு, தொடங்கும். ஒருவர் பேச, தமிழரும் சீனரும் வங்காளதேசத்தவரும் நின்று கேட்பார்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்ற கேள்வி வரும். "ஓகே பாஸ்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அந்தப் பதிலால் எதுவும் தெரியாது. புரியாதவரும் அதையேதான் சொல்வார், ஏனென்றால் பத்துப் பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்லக் கூச்சம்.

கேள்வியை மாற்றுங்கள். "தம்பி, டேங்குக்குள்ள இறங்கணும்னா ஆக்சிஜன் எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டு, 19.5 முதல் 23.5 சதவீதம் என்று அவர் வாயாலேயே வரவழையுங்கள். தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் பக்கவாட்டில் தலையாட்டி 'சரி' என்பது சீன சூப்பர்வைசருக்கு 'இல்லை' என்று படலாம்.

வாக்கி டாக்கிப் பேச்சு வேறு வகை. முகம் தெரியாது, கை தெரியாது, குரல் மட்டும்தான். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். அழுத்தியதுமே பேசினால் முதல் அசை வெட்டுப்படும். "டோண்ட் லோவர்" (இறக்காதே) என்பதில் முதல் சொல் போய்விட்டால் மிஞ்சுவது "லோவர்" (இறக்கு). அதனால் 'செய்யாதே' என்று சொல்வதைவிட "ஸ்டாப்" என்ற தனிச்சொல்லே பாதுகாப்பு. இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோல் கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'விடு' என்றால் கயிற்றைத் தளர்த்துவதா, பிடியை விட்டுவிடுவதா, அதைத் தொடாமல் இருப்பதா? சுமை தூக்கும் இடத்தில் அந்தச் சொல்லே வேண்டாம்.

கிரேன் சுமையை இறக்கும்போது, ஓட்டுநருக்கு வழிகாட்டும் சிக்னல்மேன் வாக்கி டாக்கியில் "லோவர், லோவர்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குரல் நின்றால் ஓட்டுநர் கிரேனை நிறுத்திவிட வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், வேறொருவர் அதே அலைவரிசையில் குறுக்கிட்டிருக்கலாம். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

'ஓகே' எவ்வளவு ஆபத்தான சொல் என்பதை விமானத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன "ஓகே", கிளம்பத் தொடங்கிய விமானத்தின் விமானி அறையில் கேட்டது. காத்திருக்கச் சொன்ன அடுத்த வார்த்தைகள், இருவர் ஒரே நேரத்தில் பேசியதால், இரைச்சலில் அமுங்கிவிட்டன. கேட்டேன் என்பதற்கும் தொடங்கலாம் என்பதற்கும் ஒரே சொல் இருக்கக்கூடாது. பட்டறையிலும் அதே விதிதான்: கேட்டவர் உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "கரெக்ட்" என்ற பிறகுதான் கை அசைய வேண்டும்.

தவறு செய்தவரைத் திருத்துவது இன்னொரு வகை. ஆபத்து என்றால் அந்த நொடியிலேயே உரக்க நிறுத்துங்கள். மற்றதெல்லாம் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டியவை.

மிகவும் அலட்சியமாக நடப்பது ஷிப்ட் மாற்றும் பேச்சு. விடுதிக்குப் போகும் லாரி காத்திருக்கும், "எல்லாம் முடிஞ்சுது அண்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். வால்வு இருக்கும் இடத்துக்கே இருவரும் போய், முடியாத வேலையை முதலில் சொல்ல வேண்டும்: எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, பூட்டின் சாவி யாரிடம், அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டு (பெர்மிட்) எத்தனை மணிவரை. வருபவர் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை லாரி நிற்கட்டும்.