200 வந்தால் போதுமா?

தளம் ஓடுகிறதா என்று பார்க்கும் கண்காணிப்புக் கருவி ஒவ்வொரு முறையும் சில படிகளைக் கடக்கிறது: டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் அமைப்பு) ஐபி தேடுதல், சர்வரோடு டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் (மறையாக்கம்), பிறகு கோரிக்கை, பதில். 'எல்லாம் சரி' என்று சர்வர் சொல்லும் பதில் எண்தான் 200. எந்தப் படியில் நின்றது என்று பிரித்துக் காட்டும் கருவியாகப் பாருங்கள். வெறும் 'டைம்அவுட்' என்ற செய்தியை வைத்து நள்ளிரவில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

30 நாளில் 99.9% நேரம் தளம் ஓடும் என்றால் 43 நிமிடம் 12 விநாடி முடக்கம். 99.99% என்றால் 4 நிமிடம் 19 விநாடிதான். ஆகவே 5 நிமிடத்துக்கு ஒரு முறை சோதித்துக்கொண்டு 99.99% என்று சொல்வதில் பொருளே இல்லை. இரண்டு சோதனைகளுக்கு நடுவில் 3 நிமிடம் தளம் விழுந்து எழுந்தாலும் தெரியாது. 1 நிமிட இடைவெளி வையுங்கள். ஒரே இடத்திலிருந்து ஒரு முறை தோற்றதும் அலறவிடாமல், வேறு இரண்டு இடங்களிலிருந்தும் உறுதி செய்த பிறகே எச்சரிக்கை போகட்டும். பொய் எச்சரிக்கை நாலு வந்தால் ஐந்தாவதை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பதில் எண்ணாக 403 (அனுமதி இல்லை), 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) வந்தால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். கருவியையே அது தடுத்திருக்கலாம்.

பெரிய ஏமாற்று 200தான். டேட்டாபேஸ் செத்திருக்கும், சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை) பழைய முகப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் டேட்டாபேஸிலிருந்து வரும் ஒரு சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தலைப்பட்டையில் உள்ள சொல் உதவாது. இன்னும் நல்லது, கேஷ் ஆகாத (நகல் சேமிக்கப்படாத) தனி முகவரி ஒன்று வைத்து, அதில் டேட்டாபேஸுக்குச் சிறிய வினவல் ஒன்றை ஓட்டுவது. வெளியார் சேவைகளை அங்கே சோதிக்காதீர்கள். கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரும் அதே முகவரியைப் பார்த்தால், பேமெண்ட் சேவை தடுமாறும்போது நன்றாக இருக்கும் சர்வர்கள் எல்லாம் வரிசையிலிருந்து கழன்றுவிடும்.

90 நாள் செல்லுபடியாகும் டிஎல்எஸ் சான்றிதழைத் தானியங்கி வழக்கமாக 30 நாள் மீதமிருக்கும்போதே புதுப்பித்துவிடும். 20 நாளுக்குக் கீழே இறங்கினால் ஏதோ உடைந்திருக்கிறது. பல நேரம் புதிய சான்றிதழ் டிஸ்க்கில் இருக்கும், வெப் சர்வரை ரீலோட் செய்யாததால் பழையதே வெளியே போகும். வெளியிலிருந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகளுக்குத் திசை நேர்மாறு: வேலை முடிந்ததும் அதுவே ஒரு முகவரியைத் தட்ட வேண்டும், தட்டல் வராவிட்டால் எச்சரிக்கை.

கருவியை அதே சர்வரில் நிறுவாதீர்கள். எச்சரிக்கை மின்னஞ்சலும் அதே டொமைனுக்குப் போகக்கூடாது. டிஎன்எஸ் விழுந்தால் கடிதமும் சேர்ந்தே விழும்.