577/578

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஒரு ரோட்டைத் தேடிட்டு இருந்தேன். நிஜ ரோடு இல்லீங்க, ஃபோர்ஸா ஹொரைசன் 5-ங்கற கார் ரேஸ் கேம்ல வர்ற மெக்ஸிகோ. அந்த மேப்ல மொத்தம் 578 ரோடு, ஓட்டாத ரோடு மங்கலா சாம்பல் கலர்ல கெடக்கும், ஒரு தடவ வண்டி ஏறிட்டா வெளுத்துரும், எனக்கு 577 வெளுத்தாச்சு, மிச்சம் ஒண்ணு எங்கன்னு கேம் வாயத் தொறக்காது. மேப்ப பெருசாக்கி ஜோசியர் ஜாதகக் கட்டம் பார்க்கற மாதிரி மூலை மூலையா பார்த்தேன். கடைசில க்வானஹ்வாட்டோ ஊருக்குள்ள, மலைச்சரிவுல கலர் கலரா வீடு அடுக்கி வெச்சிருக்குமே அந்த ஊர், அங்க ரெண்டு தெருவுக்கு நடுவுல நகக்கண்ணு சைஸ்ல ஒரு துண்டு. அதுக்குப் பக்கத்துல எத்தன நூறு தடவ பறந்திருப்பேன்னு கணக்கே இல்ல.

வைஃப் பின்னாடி நின்னு பார்த்துட்டு "ஏங்க, ரேஸ் ஓட்டத்தானே இத வாங்கினீங்க, இதென்ன போஸ்ட்மேன் மாதிரி சந்து சந்தா போறீங்க"ன்னா. சட்டுனு பதில் வரல. அதான் இங்க எழுதறேன்.

என் வயசுப் பசங்க நெறைய பேருக்கு ஆரம்பம் ஒண்ணுதான், தெரு முனை பிரவுசிங் சென்டர்ல நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்னு ஒரு கார் கேம், 2005-ல வந்தது. வெள்ளியும் நீலமுமா அந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் வண்டிய ஆரம்பத்துலயே ரேஸர்ங்கற வில்லன் தட்டிட்டுப் போவான், அப்புறம் பிளாக்லிஸ்ட்னு ஒரு பட்டியல்ல இருக்கற 15 பேர ஒவ்வொருத்தனா சாய்ச்சு மேல போகணும். நான் அஞ்சாவது ஆள் வரைக்கும் வந்திருந்தேன். ஒரு நாள் போய் உக்காந்தா சேவ் ஃபைலே இல்ல, சிஸ்டம் வைரஸ் புடிச்சுதுன்னு அந்த அண்ணன் ஃபார்மட் அடிச்சுட்டாரு. ரெண்டு மாசம் பாக்கெட் மணி போச்சு. நான் அஞ்சாவது வரைக்கும் வந்தேன்னு சொன்னா நம்பறதுக்கு ஒரு நாதி இல்ல.

வேலைக்குப் போய் செகண்ட் ஹேண்ட்ல எக்ஸ்பாக்ஸ் 360-னு ஒரு கேம் பொட்டி வாங்கினப்பதான் அச்சீவ்மென்ட்னா என்னன்னே தெரிஞ்சுது. 2005-ல 360 வந்தப்பவே இதோட தான் வந்துச்சு, டிஸ்க்ல வர்ற கேம் ஒவ்வொண்ணுக்கும் 1000 பாயின்ட், அத கேம்ல நீ செய்ற வேலைக்கெல்லாம் பிரிச்சுக் கொடுப்பாங்க, அந்தக் கூட்டுத்தொகைதான் கேமர்ஸ்கோர். பிளேஸ்டேஷன் பக்கம் 2008-ல ட்ரோஃபின்னு கொண்டு வந்தாங்க, வெண்கலம், வெள்ளி, தங்கம், எல்லாம் முடிச்சா பிளாட்டினம். எனக்கு பாயின்ட்ட விட பிளாட்டினம்தான் பிடிக்கும், ஒரு கேம முழுசா முடிச்சதுக்கு ஒரே ஒரு சாமான் கையில கொடுக்கறாங்கல்ல. ஆனா கேமர்ஸ்கோர்லயும் வெறியனுங்க இருக்காங்க. ரேமண்ட் காக்ஸ்னு ஒரு அமெரிக்கக்காரர் 2014 மார்ச்ல உலகத்துலயே முதல் ஆளா பத்து லட்சம் தொட்டாரு. நான் இன்னும் எழுபதாயிரத்துலயே உருண்டுட்டு இருக்கேன், பாயின்ட்டுக்காக பத்து நிமிஷத்துல 1000 தர்ற குப்பை கேம் எல்லாம் ஓட்டறதில்லன்னு ஒரு வைராக்கியம் வேற.

அந்த 360-ல நான் உயிரா ஆடினது பர்ன்அவுட் பாரடைஸ். ஊர் பூரா 400 மஞ்சள் வேலி, 120 விளம்பர போர்டு, எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளணும், 50 சூப்பர் ஜம்ப் தாவணும். ரேஸ் முடிஞ்சும் வீட்டுக்குப் போக மனசு வராது, அந்த மொட்டை மாடில ஒரு போர்டு தெரியுதே எப்படி ஏறறதுன்னு அரை மணி நேரம் சுத்துவேன். ரூம்ல அப்ப நெட் கிடையாது. அச்சீவ்மென்ட் எடுத்தா டிங்னு சத்தம் வரும், ஸ்க்ரீன்ல கோப்பை வரும், ஆனா எல்லாம் பொட்டிக்குள்ளயே கெடக்கும். ஒரு வருஷம் கழிச்சு ஃப்ரெண்டு வீட்டுக்கு 360-ய பைல வெச்சு தூக்கிட்டுப் போய் அவன் மோடத்துல மாட்டினேன், மொத்தமும் ஏறுச்சு. ஆனா நெட் இல்லாம எடுத்ததுக்கு தேதி பதியாது, ஆஃப்லைன்னு மட்டும்தான் காட்டும். இன்னைக்கும் என் ப்ரொஃபைல்ல கீழ வரைக்கும் தள்ளிட்டே போனா அந்த ஒரு வருஷம் மட்டும் தேதியே இல்லாம நிக்குது. அந்த ரூம், டியூப் லைட், பரோட்டா பார்சல், எந்த மாசம்னே தெரியாது.

அதுக்கப்புறம் எடுத்ததுக்கெல்லாம் தேதி நேரத்தோட இருக்கு. அது எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியாது, காய்ச்சல்னு ஆபீசுக்கு லீவ் போட்ட ஒரு புதன்கிழமை மதியம் மட்டும் நாலு அச்சீவ்மென்ட் இருக்கு. தலைவலின்னு சீக்கிரம் படுத்த ராத்திரி 2:50-க்கு ஒண்ணு வந்தத வைஃப் என் ஃபோன்ல இருக்கற ஆப்லயே பார்த்துட்டா. பத்து சதவீதத்துக்கும் கம்மியான ஆளுங்க எடுத்ததுக்கு வைரம் மாதிரி ஒரு சின்னம் வேற காட்டும், இது ரேர் தெரியுமான்னு சொல்லிப் பார்த்தேன், எடுபடல.

கேமே காணாமப் போற காலம் இது. காருக்கும் பாட்டுக்கும் வாங்கின லைசென்ஸ் முடிஞ்சா கடைல இருந்து தூக்கிடுவாங்க, ஃபோர்ஸா ஹொரைசன் மூணாவது பாகம் 2020 செப்டம்பர்ல போச்சு, நாலாவது போனது 2024 டிசம்பர் 15. 4-ல பிரிட்டன், வாரத்துக்கு ஒரு சீசன் மாறும், குளிர்காலம் வந்தா ஏரி உறைஞ்சு அது மேலயே வண்டி ஓட்டலாம், அதுக்காகவே வியாழக்கிழமைக்கு காத்திருப்பேன். அதாவது பரவால்ல, ஏற்கனவே வாங்கினவன் இன்னும் ஓட்டலாம். தி க்ரூ கதைதான் கொடுமை, 2014-ல வந்து அமெரிக்கா முழுசையும் சுருக்கி மேப்பா கொடுத்த கேம், 2024 மார்ச் 31-ல சர்வர நிறுத்தினதும் டிஸ்க் கையில இருந்தாலும் ஓடாது. அதுல முக்கா ட்ரோஃபி எடுத்துட்டு நின்னவன் அங்கயே நிக்க வேண்டியதுதான். எடுத்து முடிச்சவன் பேர்ல மட்டும் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கு.

இப்ப பழைய பிளேஸ்டேஷன் 4 ஒண்ணு கிடைச்சதுல கிரான் டூரிஸ்மோ 7-னு இன்னொரு கார் கேம் ஓடிட்டு இருக்கு. ஃபோர்ஸா ஆடிப் பழகினவனுக்கு இது ஸ்ட்ரிக்டு வாத்தியார். அங்க மரத்துல மோதினா ஒரு பட்டன் அமுக்கினா போதும், ரீவைண்ட் ஆகி மோதறதுக்கு முன்னாடி போய் நிக்கலாம், இங்க அதெல்லாம் கிடையாது, கோடு தாண்டினா ஃபெயில். லைசென்ஸ் டெஸ்ட் அஞ்சு கட்டம், ஒவ்வொண்ணுலயும் பத்து. நிஜத்துல எனக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டதோட முடிஞ்சுது, இதுல முதல் கட்டம் நேஷனல் பி-லயே மூணு நாள்.

ஒண்ணு மட்டும் கத்துக்கிட்டேன், ஆக்ஸிலரேட்டர்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் பிரேக்லதான். இத முன்னாடி ஒரு தடவ செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ரேஸ் பார்க்கப் போனப்ப கண்ணால பார்த்திருக்கேன், நேர் ரோட்டுல எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் போகும், வளைவுக்கு முன்னாடி எவன் கடைசியா பிரேக்ல கால வெக்கறான்னுதான் கூட்டம் கத்தும். அன்னைக்குப் பார்த்தது இன்னைக்கு விரல்ல இருக்கு, கண்ட்ரோலர்ல பிரேக் ட்ரிகர முழுசா அமுக்கிட்டு வளையறப்ப கொஞ்சம் கொஞ்சமா விடணும், டக்குனு விட்டா மூக்கு திரும்பாம வண்டி வெளிய போயிரும். எங்கம்மா கூட இப்ப இத மதிக்கறாங்க, அஜித்தோட டீம் 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல 992-ங்கற போர்ஷே கார் பிரிவுல மூணாவது வந்ததுல இருந்து "அவன் பிராக்டிஸ் பண்றான்"னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நான் மறுக்கல.

இப்ப நிக்கறது கடைசிக் கட்டம், சூப்பர் லைசென்ஸ் பத்தாவது டெஸ்ட். பெல்ஜியத்துல இருக்கற ஸ்பா ரேஸ் ட்ராக், ஒரு சுத்து 7 கிலோமீட்டர், மழை, கைல போர்ஷே 919 ஹைபிரிட் ரேஸ் கார். ஓ ரூஜ் ஏத்தத்துல தண்ணி தேங்கின இடத்துல டயர் பட்டா போச்சு, அங்க தப்பிச்சா பூஹோன் வளைவுல போகும், அங்கயும் தப்பிச்சா கடைசி பஸ் ஸ்டாப் திருப்பத்துல கை நடுங்கும். சில்வர் வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு. தங்கத்துக்கு 0.4 செகண்ட் பாக்கி இருந்துச்சு, நேத்து 0.3 ஆச்சு, அப்புறம் ஆசைல இன்னும் நாப்பது தடவ ஓட்டி 0.9-க்கு இறங்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை வைஃப் பொள்ளாச்சில அவங்க அம்மா வீட்டுக்குப் போறா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் வருவா. ரெண்டு கண்ட்ரோலரும் சார்ஜ்ல போட்டாச்சு.